ரோமானிய நாணயங்களைக் காத்துவரும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். கோவை, கரூர் வட்டாரங்களில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த ரோமானிய நாணயங்கள் பல இன்று உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவை உருக்கப்படாமலும் விற்கப்படாமலும் இன்று எங்கள் பார்வைக்குக் கிடைப்பது உங்கள் துறையின் உழைப்பால்தான். அந்த நன்றியோடு ஒரு கோரிக்கை வைக்கிறேன்: அந்த நாணயங்களுக்கான விளக்கப் பலகைகளை மாற்றி எழுதுங்கள்.

நான் பார்த்த பலகைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. பேரரசர் பெயர், உலோகம், எடை, கிடைத்த ஊர். பக்கத்தில் மிளகு வணிகம் பற்றி ஒரு பத்தி. அதன் அடியில் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்ற அகநானூற்று வரி. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் நாணயத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண் யார், அந்தக் கொக்கிக் கோல் எதற்கு என்று மாணவர்கள்தான் முதலில் கேட்கிறார்கள். பலகையில் பதில் இல்லை. அந்தப் பதில் முழுக்க ரோமானிய மதத்தில் இருக்கிறது.

இந்தியாவில் மிகுதியாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகள் முன்னிற்கின்றன. இரண்டுமே இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அன்றைய லுக்டுனத்தில் அடிக்கப்பட்டவை. ஒன்று பேரரசர் திபேரியஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. அதன் பின்பக்கத்தில், அமர்ந்த பெண்ணைச் சுற்றி "பொன்டிஃப் மாக்ஸிம்" என்ற பொறிப்பு இருக்கிறது. தலைமைப் பூசகர் என்ற பதவியின் சுருக்கம் அது. ஒரு பெரும் படைக்குத் தலைவர் தன் காசின் ஒரு பக்கம் முழுவதையும் பூசகப் பதவிக்கு ஒதுக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்காமல் ரோமைப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

ரோமில் பூசகர்கள் ஊரிலிருந்து ஒதுங்கி வாழ்ந்த துறவிகள் அல்லர். செனட்டில் அமர்ந்து சட்டம் பேசியவர்களும், படை நடத்தியவர்களும், மாகாணங்களை ஆண்டவர்களும்தான் பூசகர் குழுக்களிலும் இருந்தார்கள். கி.மு. 63-இல் ஜூலியஸ் சீசர் தலைமைப் பூசகர் பதவிக்குப் போட்டியிட்டார். எதிரே நின்ற இருவரும் அவரைவிட மூத்தவர்கள், பெரிய பதவிகளை வகித்து முடித்தவர்கள். சீசர் கடனில் மூழ்கியிருந்தார். வாக்குப்பதிவு நாளன்று காலை, தலைமைப் பூசகராகத் திரும்புவேன், இல்லையென்றால் வீடு திரும்பவே மாட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வென்றார். நாட்காட்டியும் அந்தப் பூசகர் குழுவின் கையில்தான் இருந்தது. ஆண்டின் இடையே கூடுதல் மாதத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்தார்கள். வேண்டியவரின் பதவிக்காலத்தை நீட்டவும் வேண்டாதவரின் காலத்தைக் குறைக்கவும் அது பயன்பட்டது. கடைசியில் பருவங்களோடு ஒட்டாமல் போன அந்தக் கணக்கைச் சீசரே சீர்செய்தார். அதற்காகக் கி.மு. 46-ஆம் ஆண்டு 445 நாட்களாக நீண்டது. நம் சுவர்களில் தொங்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களின் நாள் கணக்கு அந்தச் சீர்திருத்தத்தின் வழிவந்தது.

சீசருக்குப் பிறகு அவர் கூட்டாளி லெபிடஸ் அந்தப் பதவியில் அமர்ந்தார். பின்னாளில் அகஸ்டஸ் என்ற பெயரில் ரோமின் முதல் பேரரசர் ஆன ஆக்டேவியன், கி.மு. 36-இல் லெபிடஸின் படையையும் அதிகாரத்தையும் பறித்து நகருக்கு வெளியே ஒதுக்கிவைத்தார். ஆனால் பூசகப் பதவியைப் பறிக்கவில்லை. அது ஆயுள் பதவி. லெபிடஸ் இறக்கும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். கி.மு. 12-இல் தான் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இத்தாலி முழுவதிலிருந்தும் முன்பு எப்போதும் காணாத கூட்டம் ரோமுக்கு வந்தது என்று தன் சாதனைக் கல்வெட்டில் பெருமையோடு பதித்துவைத்தார். உள்நாட்டுப் போரில் எத்தனையோ பேரைக் கொல்லத் தயங்காத மனிதர் இந்த ஒரு விதியை மீறத் துணியவில்லை. ரோமானிய மதத்தின் எடையை எனக்கு உணர்த்திய செய்தி இதுதான். திபேரியஸ் அந்தப் பதவியை அவரிடமிருந்துதான் பெற்றார். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது இந்தக் கதையின் சாட்சி.

இரண்டாவது வகை அகஸ்டஸ் காலத்தது. அவர் மகன்களாகத் தத்தெடுத்த பேரர்கள் கையஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்பார்கள். அவர்களுக்கு மேலே ஒரு சிறு அகப்பையும் நுனி வளைந்த ஒரு கோலும் தெரியும். பல இடங்களில் அவற்றைச் "சின்னங்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அகப்பை, பலியின்போது மதுவை ஊற்றும் கருவி. கையஸ் பூசகர் குழுவைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்கிறது. கோல், லூசியஸ் ஒரு நிமித்திகர் என்பதைச் சொல்கிறது. வாரிசுகளை உலகுக்கு அறிவிக்கும் காசில் அவர்கள் தலைக்கு மேல் பொறிக்க அகஸ்டஸின் ஆட்சி தேர்ந்தெடுத்தவை பூசைக் கருவிகள். லூசியஸ் கி.பி. 2-இலும் கையஸ் கி.பி. 4-இலும் இறந்துபோனார்கள். அவர்களுடைய உருவம் தாங்கிய வெள்ளி கொங்கு நாடு வரை வந்து தங்கிவிட்டது.

நிமித்திகரின் வேலை எதிர்காலத்தைச் சொல்வது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இந்தச் செயலுக்குத் தேவர்களின் இசைவு இன்று உண்டா என்று அறிவதுதான் அந்தக் கலை. கோலால் வானத்தைப் பகுத்து, பறவைகள் எந்தப் பக்கம் பறக்கின்றன, இடி எங்கே முழங்குகிறது என்று பார்ப்பார்கள். மக்கள் அவை கூடும் முன்பும் போருக்குப் புறப்படும் முன்பும் குறி பார்த்தாக வேண்டும். படையோடு கூண்டில் கோழிகள் செல்லும். அவை இரையை ஆவலோடு கொத்தினால் நற்குறி. கி.மு. 249-இல் சிசிலியின் திரெப்பானம் கடற்போருக்கு முன் கோழிகள் இரை எடுக்கவில்லை. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று ரோமானியக் கடற்படைத் தளபதி கிளாடியஸ் புல்கெர் அவற்றைக் கடலில் வீசச் சொன்னார். கடற்படையைப் பெருமளவில் இழந்தார். ரோமில் வழக்கைச் சந்தித்தார். கோழிக் கதையைச் சொல்பவர்களுள் ஒருவர் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ. அந்தச் சிசரோவே கி.மு. 53-இல் நிமித்திகர் ஆனார்.

இந்த ஏற்பாடு அரசியலில் எப்படி வேலை செய்தது என்பதற்கு கி.மு. 59-ஆம் ஆண்டு நல்ல சான்று. சீசரும் பிபுலஸும் அந்த ஆண்டின் கான்சல்கள், அதாவது ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியை வகித்த இருவர். சீசரின் நிலச் சட்டத்தைத் தடுக்கப் போன பிபுலஸை மன்றத்திலிருந்து அடித்து விரட்டினார்கள். அவர் வீட்டுக்குள் இருந்துகொண்டு, வானத்தில் குறி பார்க்கிறேன் என்று நாள்தோறும் அறிவித்துக்கொண்டிருந்தார். குறி பார்க்கும் நாளில் மக்கள் அவை எடுத்த முடிவு செல்லாது என்பது விதி. சீசர் அதைப் பொருட்படுத்தாமல் சட்டங்களை நிறைவேற்றினார். ஆனால் அவை செல்லுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. அடுத்த ஆண்டு சிசரோ நாடுகடத்தப்பட்டபோது, அவர் எதிரி குளோடியஸ் சிசரோவின் வீட்டை இடித்து அங்கே சுதந்திர தேவிக்கு ஒரு கோயிலை நேர்ந்துவிட்டார். தெய்வத்தின் இடமாகிவிட்ட நிலத்தை எப்படித் திரும்பப் பெறுவது? கி.மு. 57-இல் திரும்பி வந்த சிசரோ பூசகர் குழுவின் முன் வாதாடினார். மக்களின் முறையான ஆணை இல்லாமல் நேர்ந்தளித்தது செல்லாது என்று குழு கருத்துச் சொன்னது, நிலம் திரும்பியது. இதையெல்லாம் வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. யாருமே மதிக்காத ஒரு விதியைச் சூழ்ச்சிக்குக்கூடப் பயன்படுத்த முடியாது.

திபேரியஸ் காசின் முன்பக்கத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. "தெய்வமான அகஸ்டஸின் மகன்" என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். ரோமானியப் பேரரசர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்களைக் கடவுள் என்று கூவினார்கள் என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. ரோம் நகரில் பொதுவாக அப்படி நடக்கவில்லை. இறந்த பிறகு செனட் வாக்களித்துத்தான் ஒருவரைத் தெய்வமாக்கியது. கி.பி. 14-இல் அகஸ்டஸின் சிதையிலிருந்து அவர் வானேறியதைக் கண்டேன் என்று நுமேரியஸ் அட்டிகஸ் என்ற செனட்டர் சத்தியம் செய்தார். அகஸ்டஸின் மனைவி லிவியா அந்தச் செனட்டருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் காசு கொடுத்ததாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். திபேரியஸோ, ஸ்பெயின் மக்கள் தனக்குக் கோயில் கட்ட அனுமதி கேட்டபோது கி.பி. 25-இல் மறுத்துவிட்டார். கிழக்கு மாகாணங்களில் நிலைமை வேறு. அங்கே உயிரோடு இருந்த பேரரசர்களுக்கும் வழிபாடு நடந்தது. ரோமானியச் சாலைகளைக் காட்டும் பழைய பியூட்டிங்கர் வரைபடத்தில் முசிறிக்கு அருகே "அகஸ்டஸ் கோயில்" என்று குறிக்கப்பட்டிருப்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அகழாய்வில் அப்படி ஒரு கோயில் கிடைக்கவில்லை. ஆனாலும் காசோடு சேர்த்துக் காட்ட வேண்டிய செய்தி அது.

பெரிய மனிதர்களின் கதையாக மட்டும் இதைச் சொன்னால் அதுவும் அரைகுறைதான். பொம்பேயியில் வெட்டியஸ் குடும்பத்து வீட்டில், நம் வீட்டுப் பூசை மாடம் போன்ற ஒன்றை இன்றும் காணலாம். குடும்பத் தலைவரின் காவல் ஆவி நடுவில் பலியிடுகிறது. இரு புறமும் வீட்டுக் காவல் தெய்வங்களான லார்கள். கீழே ஒரு பாம்பு. தெருச் சந்திகளிலும் லார்களுக்கு மாடங்கள் இருந்தன. கி.மு. 7-இல் அகஸ்டஸ் நகரை 14 வட்டாரங்களாகப் பிரித்தபோது இந்தச் சந்தி வழிபாட்டைத் தன் பெயரோடு இணைத்தார். அதை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகளின் கைக்குப் போனது. செனட்டை எட்டிப் பார்க்கவும் முடியாதவர்களுக்கு அது ஒரு மரியாதையான பதவி. ஆட்சி மக்களின் தெருவுக்குள் நுழைந்த வழி இதுதான்.

ரோமின் சகிப்புத்தன்மை பற்றியும் வழக்கமான இரண்டு வாய்பாடுகள் உண்டு: எல்லாத் தெய்வங்களையும் ஏற்றார்கள் என்று ஒன்று, கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்டார்கள் என்று ஒன்று. இரண்டுமே முழுமையானவை அல்ல. ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் படையோடு இத்தாலியில் இருந்தபோது, கி.மு. 204-இல், சிறிய ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) அன்னைத் தெய்வம் சிபெலியை ஒரு கருங்கல் வடிவில் அரசே அழைத்து வந்தது; ஆனால் அவளுடைய பூசகராக ரோமானியக் குடிமகன் எவரும் ஆகக் கூடாது என்று தடுத்தது. கி.மு. 186-இல் மதுத் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டுக் குழுக்களை ஒடுக்கியது. 7,000 பேருக்கு மேல் சிக்கியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்த ஆணையின் வெண்கலத் தகடு இன்று வியன்னாவில் இருக்கிறது. அதைப் படித்தால் முழுத் தடை அல்ல என்பது தெரியும். நூறு செனட்டர்களுக்குக் குறையாமல் கூடிய அவையில் அனுமதி பெற்று, ஐந்து பேருக்கு மேல் சேராமல் வழிபடலாம். அரசை உறுத்தியது தெய்வம் அன்று. தன் கண்ணுக்குத் தப்பிய கூட்டம்.

கி.பி. 249-250 வாக்கில் பேரரசர் டெசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. எகிப்து மணலில் அத்தகைய பாப்பிரஸ் சான்றுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று முதலைத் தெய்வத்தின் பெண் பூசகருடையது! தன் தெய்வத்துக்கே ஊழியம் செய்தவளும் அதிகாரிகள் முன் நின்று மது ஊற்றி, பலிப் படையலைச் சுவைக்க வேண்டியிருந்தது. மனத்தில் என்ன நம்புகிறாய் என்று அரசு கேட்கவில்லை. செய்தாயா என்று மட்டும் கேட்டது. அந்தச் செயலைத்தான் பல கிறிஸ்தவர்களால் செய்ய முடியவில்லை, உயிரைக் கொடுத்தார்கள்.

இத்தனையும் ஒரு பலகையில் அடங்காது என்பது எனக்குத் தெரியும். மதம் பற்றி எழுதினால் யாராவது மனம் புண்படுவார்களோ என்ற தயக்கம் அலுவலகங்களில் இருப்பதையும் அறிவேன். ஆனால் நாணயத்தில் இருப்பதை இருப்பதாகச் சொல்வதில் யாருக்கு என்ன வருத்தம்? "இராயனுடையதை இராயனுக்கு" என்ற வசனத்தில் இயேசு காட்டச் சொன்ன தெனாரியஸ் பெரும்பாலும் இந்தத் திபேரியஸ் வகைதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். தேவாலயத்தில் அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை அதே வகைக் காசின் முன் நின்றுவிட்டு, எதுவும் அறியாமல் நகர்ந்துபோவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

செலவு அதிகமில்லை. காசின் பின்பக்கமும் தெரியும்படி கீழே ஒரு கண்ணாடி வையுங்கள். அகப்பையும் கோலும் தெளிவாகத் தெரிய, இரு பக்கங்களின் படத்தையும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி அருகில் ஒட்டுங்கள். வழிகாட்டிகளுக்கு ஒரு பிற்பகல் வகுப்பு எடுங்கள். பலகைக்கு மாதிரியாக ஒரு வாசகம் எழுதித் தருகிறேன். திருத்தியோ அப்படியேயோ பயன்படுத்திக்கொள்ளலாம்:

"திபேரியஸின் வெள்ளித் தெனாரியஸ், கி.பி. 14–37, லியோன் நகரில் அடிக்கப்பட்டது. முன்பக்கத்தில், இறந்தபின் செனட்டால் தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் மகன் என்று தன்னை அறிவிக்கிறார். பின்பக்கத்தில் அவர் வகித்த தலைமைப் பூசகர் பதவி பொறிக்கப்பட்டுள்ளது. ரோமில் சட்டம் இயற்றியவர்களே பலியிட்டார்கள். நாட்காட்டியையும் அவர்களே வகுத்தார்கள். அமர்ந்திருக்கும் பெண் அமைதித் தெய்வமாக இருக்கலாம். பேரரசரின் தாய் லிவியாவின் சாயல் என்பாரும் உண்டு. மிளகு, துணி, மணிகளுக்கு விலையாக இத்தகைய காசுகள் தமிழகம் வந்தன."

இப்படிக்கு,
பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர்