கீழவீதி முனைக்கு என்ன ராகம்

சிரஞ்சீவி தம்பிக்கு, அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் நலம். பங்குனிக் கொடியேற்றத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். உன் நாயனத்தின் வாயில் செருகி ஊதத் திருவாவடுதுறையிலிருந்து வாங்கி அனுப்பிய சீவாளிகள் வந்து சேர்ந்தனவா என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. திருப்பூர் வறண்ட ஊர். சீவாளியைக் காயவிடாதே.

விழாக் கமிட்டி இந்த ஆண்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறது. பதினான்கு சினிமாப் பாட்டு. சித்தப்பாவுக்கு வந்த கோபத்தில் தவிலைக் கீழே வைத்துவிட்டார். நான் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு ஆண்டாக ஊரை அனுசரித்துத்தானே நம் செட் நிற்கிறது? தெற்கு வீதியில் இரண்டு பாட்டு வாசிப்போம், பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளட்டும். ஆனால் சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராக மல்லாரிதான் என்று சொல்லிவிட்டேன். பாட்டு வரியே இல்லாததை எதற்கு வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளைக் கேளுங்கள் என்றேன். மல்லாரியின் காலப்பிரமாணத்தில், அந்த வேகத்தில்தான் அவர்கள் தோள் அசைகிறது. தேருக்குத் தேர் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. இவற்றில் எவரும் கை வைக்க முடியாது.

மிச்சம் கீழவீதி முனை. சுவாமி அங்கே நிற்கும் அந்த ஒரு மணி நேரம் நம்முடையது. தாத்தா இருந்தவரை அங்கே சங்கராபரணம்தான். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நேரில் கேட்டவர், அதனாலேயே கடைசிவரை தோடியைத் தொடவில்லை. நீ பதினேழு வயதில் தொட்டாய். அன்று அம்மா உனக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள்.

சித்தப்பா இம்முறை கரகரப்பிரியா என்கிறார். அதை விரிக்க மூச்சு வேண்டும். இரண்டாம் நாயனத்துக்கு ஒரு பையனைப் பேசியிருக்கிறேன், அடக்கமான பையன், ஆனால் நான் விட்ட இடத்தில் எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. நீ எடுப்பாய். தெரிந்தும் இரண்டு திருவிழாவாக வரவில்லை. கம்பெனியில் விடுப்பு இல்லை என்கிறாய். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அதே ஊரிலிருந்துதான் வருகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. விடியற்காலையில் அரை மணியாவது சாதகம் செய். சீவாளியைக் காயவிடாதே.

அந்த ஏழாம் திருவிழா இரவு, நீ தோடியில் மேல் காந்தாரத்தில் நின்றபோது, நான் கையசைத்துச் சித்தப்பாவைத் தவில் எடுக்கச் சொன்னேன். சுவாமி நகர நேரமாகிவிட்டது என்றேன். உன்னிடமும் அம்மாவிடமும் அதையே சொன்னேன். நேரம் ஆகவில்லை தம்பி. குருக்கள் கற்பூரமே ஏற்றவில்லை. அதற்குப் பிறகும் சுவாமி இருபது நிமிடம் அங்கேயே நின்றார். உனக்கும் அது தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வந்தாய். தெருவே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற என்னை எவரும் பார்க்கவில்லை. பெற்றவனுக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட.

நோட்டில் கீழவீதிக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை. ராகத்தின் பெயரை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும்.

ஏழாம் திருவிழா சனிக்கிழமை வருகிறது. கும்பகோணத்திலிருந்து நம் ஊருக்குக் கடைசி பஸ் இப்போது ஒன்பதே முக்காலுக்கு.

அப்பா