ஆடிக்கு முன்னாடி ஆம்ப் பற்றி: சவுண்ட் சர்வீஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஆடி வரப்போகிறது. கூழ் ஊற்றுதல், கொடை, தீமிதி என்று செட் ஓய்வில்லாமல் ஓடும் மாதம். அது முடிந்ததும் எரிந்த ஸ்பீக்கர்கள் எங்கள் கடை வாசலில் வரிசை கட்டும். கொண்டுவருகிறவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "ஸ்பீக்கர் 500 வாட்ஸ், ஆம்ப் 300தான் போட்டேன், அப்புறம் எப்படிண்ணே எரியும்?"

எரியும். கழற்றிப் பார்த்தால் கோனோடு ஒட்டியிருக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், அதுவே சொல்லிவிடும். சூட்டில் போன காயில் சுற்று முழுக்கக் கருத்திருக்கும், வார்னிஷ் கொப்பளித்திருக்கும், கருகிய வாடை மூக்கில் ஏறும். வேறு சிலவற்றில் கம்பி பளபளவென்று இருக்கும், ஆனால் காயிலின் அடிவிளிம்பு நசுங்கி, காயிலைப் பிடித்திருக்கிற ஸ்பைடர் கிழிந்து, கோனுக்குப் போகிற பின்னல் வயர் அறுந்திருக்கும். அது தாங்காத பேஸ் கொடுத்துக் கோனை அளவுக்கு மீறி ஆடவிட்டதால் வந்தது. எங்களிடம் வருவதில் பெரும்பாலும் முதல் வகை.

300 வாட்ஸ் என்பது ஆம்ப் அலை கெடாமல் கொடுக்கிற அளவு. கூட்டம் சேர்ந்ததும் சத்தம் போதவில்லை என்று மிக்சரை ஏற்றுகிறோம், அலையின் தலை வெட்டுப்படுகிறது, கிளிப் லைட் சிவக்கிறது. லைட் எப்போதாவது மினுக்குகிற அளவில் பாட்டு ஓடினால் ஸ்பீக்கருக்குப் போகிற சராசரி ஆம்பின் வாட்ஸில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். லைட் அணையாமல் எரிந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு ஏறும். அலை முழுக்கச் சதுரமாகிவிட்டால் அதே 300 வாட்ஸ் ஆம்ப் 600 வரை தள்ளும். காயிலைச் சுடுவது இந்தச் சராசரிதான். பாக்ஸில் கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கிற டிரைவர் யூனிட் தாங்குவது இன்னும் குறைவு என்பதால் முதலில் போவது அதுதான்.

சரி, எதை வாங்குவது? பாக்ஸின் பின்பக்கத் தகட்டில் 500 / 1000 / 2000 என்று இருக்கும். சூட்டைத் தாங்குகிற அளவு முதல் எண். இரண்டாவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பு, மூன்றாவது நான்கு மடங்கு, அவ்வளவுதான். ஆம்ப், பாக்ஸில் போட்டிருக்கிற அதே ஓமில் (மின்தடை அளவு), முதல் எண்ணைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். 8 ஓம், 500 வாட்ஸ் பாக்ஸ் ஒன்றுக்கு 750 முதல் 1000 வரை. அதற்கு லிமிட்டர், அதாவது வைத்த அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடிக்கிற அமைப்பு, கட்டாயம் வேண்டும். வாடகைக்கு விடுகிற செட், யார் கை வைப்பார்கள் என்றே தெரியாது என்றால் முதல் எண்ணுக்குச் சமமான ஆம்ப் எடுத்து அதற்கும் லிமிட்டரைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த 3000 வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள், அது அநேகமாகப் பிரிட்ஜ் கணக்கு, இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் வருவது. 8 ஓமில் ஒரு சேனலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஓம் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகக் கோர்த்தால் 4, மூன்று என்றால் 2.67, நான்கு என்றால் 2. ஆம்பில் குறைந்தது 4 ஓம் என்று போட்டிருந்தால் சேனலுக்கு இரண்டு பாக்ஸோடு நிறுத்துங்கள். பிரிட்ஜில் போட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும், அதனால் அதில் 8 ஓம் பாக்ஸ் ஒன்றுக்கு மேல் போடாதீர்கள்.

வயரையும் பாருங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செப்பு வயர் ஓட்டினால் போக வரச் சேர்த்து 0.44 ஓம், 4 ஓம் லோடுக்குப் போகவேண்டிய பவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆம்பை மேடைக்குப் பின்னால் வைக்காமல் பாக்ஸுக்குப் பக்கத்தில் வையுங்கள், மிக்சர் வயர் நீளமாகப் போகட்டும். சீரியல் லைட்டும் சேர்ந்து ஓடுகிற ஜெனரேட்டரில் வோல்ட் 190க்கு இறங்கினால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் மூன்றில் ஒரு பங்கு பவரை இழக்கும், அதாவது கிளிப் இன்னும் சீக்கிரம் வரும்.

செட் பண்ணும்போது ஒன்று. ஆம்பின் முன்பக்கக் குமிழைப் பாதியில் வைத்தால் பாதி வாட்ஸ்தான் வரும் என்று நினைப்பது தப்பு. குமிழைக் குறைத்தால் மிக்சரைக் கூட்டுவீர்கள், ஆம்ப் அதே உச்சத்துக்குப் போய்விடும். காப்பாற்றுவது லிமிட்டர்தான். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ஆம்ப் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 8 ஓம், 500 வாட்ஸ் பாக்ஸுக்கு 63 வோல்ட் காட்டும்போது லிமிட்டர் பிடிக்கத் தொடங்கவேண்டும். (ஓமையும் வாட்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உங்கள் பாக்ஸுக்கான வோல்ட் வந்துவிடும்.) பெரிய ஆம்பில் அந்த முனையில் 90 வோல்ட் வரும், கை வைக்காதீர்கள்.

இத்தனை செய்தும் சத்தம் போதவில்லையா? 500ஐ 1000 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கக் கிட்டத்தட்ட 10 டெசிபல் வேண்டும். அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பாக்ஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வோம், ஆம்ப் விற்கிற கடையாக இருந்தும்.

கடைக்கு வரும்போது பாக்ஸ் தகடு, ஆம்பின் பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்து வாருங்கள், சேனலுக்கு எத்தனை பாக்ஸ் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காயில் மாற்றவேண்டியதை இப்போதே கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் அன்றைக்கே தருவோம் என்று எங்களால் வாக்குக் கொடுக்க முடியாது.