கடைசி 300 அடி

அன்புள்ள தேன்மொழி,

உனக்கு லைசென்ஸ் கிடைத்த செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போன பொங்கல் வரைக்கும் "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்றவள், இப்போது பால்காரரை நிறுத்தி வைத்து "எங்க பொண்ணு விமானத்துலேர்ந்து குதிச்சு பாஸ் பண்ணிட்டா" என்கிறாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது போனிலேயே உனக்குப் புரிந்திருக்கும். 25 முறை குதிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், பாராசூட்டைத் தானே மடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், குறித்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கிக் காட்ட வேண்டும். அத்தனையையும் முடித்தவர்களுக்குத்தான் அந்த ஏ லைசென்ஸ். சும்மா கிடைக்கிற அட்டை இல்லை அது.

போனை வைக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். நீங்கள் குதித்து இறங்கும் டிராப் ஜோனில் ஒருவர் தன் ரிக்கை, அதாவது பாராசூட்டும் முதுகுப் பையும் சேர்ந்த செட்டை, விற்கிறார், விலை மலிவு, கேனப்பி (விரிகிற குடைத்துணி) 135 சதுர அடி, வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன் என்றாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் அம்மா வாங்கிவிடுவாள், நீயும் மீட்டிங் இருக்கிறது என்பாய். அதனால் எழுதுகிறேன்.

வாங்காதே, கண்ணு. இப்போது வேண்டாம்.

நான் ஆக்ராவில் இருந்தபோது குதித்ததெல்லாம் உனக்குத் தெரியும். கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ராணுவத்தின் பாராசூட் படை மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவனுக்குக் குதிக்கிற வேலையைவிடக் கீழே நிற்கிற வேலைதான் அதிகம். மல்புரா மைதானத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், ஆம்புலன்ஸ் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துக்கொண்டு நிற்போம். ஏஎன்-32 விமானம் தலைக்கு மேலே வரும். 1,250 அடியில் வரிசையாகப் பையன்கள் கொட்டுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விரிகிற குடைகளைப் பார்ப்பார்கள். நாங்கள் குடையைப் பார்க்க மாட்டோம், காலைப் பார்ப்போம். பாதம் இரண்டும் முழங்கால் இரண்டும் ஒட்டி, முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் அவனை விட்டுவிட்டு அடுத்தவனைப் பார்ப்போம். ஒரு காலை மட்டும் நீட்டித் தரையைத் தேடுகிறான் என்றால், அவன் விழும் முன்பே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். கணுக்கால் போயிருக்கும், இல்லையென்றால் அதற்கு மேலே இரண்டு எலும்பும் போயிருக்கும். அங்கே வைத்து பூட்ஸைக் கழற்ற மாட்டோம். கழற்றினால் வீங்கிவிடும், பையனும் கத்துவான். பூட்ஸோடு சேர்த்துக் கட்டித்தான் வண்டியில் ஏற்றுவோம்.

விமானத்தின் கதவில் நிற்கும்போதுதான் எல்லோருக்கும் பயம். ஆனால் நான் தூக்கிப் போன பையன்களில் அநேகமாக எல்லோருக்குமே பாராசூட் ஒழுங்காகத் திறந்திருந்தது. அடிபட்டது தரையில்.

நம் ராணுவத்தில் முதன்முதலாக பாராசூட்டில் குதித்த இந்தியர்களில் ஒருவர் ஒரு டாக்டர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஏ.ஜி. ரங்கராஜ். 1941-ல் குதித்தார். கொரியப் போரில் 60-வது பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸுக்குத் தலைமை தாங்கிப் போய், 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து முன்சானில் தன் ஆட்களுடன் வானிலிருந்து இறங்கினார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். இறங்கியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்காகத் தானும் கூடவே இறங்கிய மனிதர். எங்கள் தொழிலில் அவர் பெயரைச் சொன்னால் நெஞ்சு நிமிரும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடை வட்டமானது. கொக்கியில் மாட்டிய பட்டை இழுத்ததும் தானாகத் திறக்கும். அதை ஓட்டுவது என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, காற்று கொண்டுபோகிற பக்கம் போகும். அதனால் எங்கள் கையில் இருந்தது விழுகிற முறை மட்டும்தான். உன்னுடையது இறக்கை. முன்னால் ஓடும், நீ இழுக்கிற பக்கம் திரும்பும், தரைக்குக் கொஞ்சம் மேலே இரண்டு டாகிளையும், அதாவது கைப்பிடிகளையும், சேர்த்து இழுத்தால் (அதுதான் ஃப்ளேர்) வேகத்தைக் குறைத்து மெதுவாக இறக்கிவிடும். எங்களுக்குக் கிடைக்காத வரம் அது. ஆனால் ஓட்டத் தெரியாதவனையும் அது அதே வேகத்தில்தான் கொண்டுபோகும்.

நீ 58 கிலோ. ரிக், ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்து 11 கிலோ வை. மொத்தம் 69 கிலோ, அதாவது 152 பவுண்டு. இதை 135-ஆல் வகுத்துப் பார், சதுர அடிக்கு 1.1 பவுண்டுக்கு மேல் வரும். புதிதாக ஏ லைசென்ஸ் வாங்கியவர்கள் 1.0-ஐத் தாண்டக் கூடாது என்றுதான் உங்கள் அமெரிக்க பாராசூட் சங்கமே சொல்கிறது. இப்போது நீ வாடகைக்கு எடுக்கிற 190-ல் உனக்கு 0.8 தான் வருகிறது. இன்னொன்றையும் கவனி. உன்னைப் போல எடை குறைந்தவர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. கேனப்பி சின்னதாக ஆக ஆக அதன் கயிறுகளும் குட்டையாகும். அதே 1.0 என்றாலும் 220 சதுர அடியில் தொங்குகிற பெரிய ஆளுக்கு நிதானமாகத் திரும்புவது, 150-ல் தொங்குகிற உனக்கு வெடுக்கென்று திரும்பும். "நீ ஒல்லிதானே, உனக்கு 135 சரியாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம்.

இதில் பயம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். 100 அடி உயரத்தில் வருகிறாய். திடீரென்று எதிரே ஒரு வேலி, இல்லை இன்னொரு கேனப்பி. கை தானாக ஒரு டாகிளை ஆழமாக இழுத்துவிடும். இறக்கை சாய்ந்து மூக்கைக் குத்திக்கொண்டு பாயும், நீ ஊஞ்சல் மாதிரி வெளியே வீசப்படுவாய். இறக்கை மறுபடி உன் தலைக்கு நேராக வர அதற்குச் சில விநாடி வேண்டும், உயரமும் வேண்டும். 2,000 அடியில் அது விளையாட்டு. 100 அடியில் அந்த உயரம் உன்னிடம் இல்லை. நல்ல கேனப்பி தலைக்கு மேலே விரிந்திருக்கும்போதே ஆட்கள் சாவது இப்படித்தான். கேனப்பி சின்னதாக இருந்தால் அது இழக்கிற உயரமும் அதிகம், யோசிக்கக் கிடைக்கிற நேரமும் குறைவு.

உன் ரிக்கில் இருக்கிற சைப்ரஸ் பெட்டியைப் பற்றி நீ அம்மாவிடம் சொல்லித்தான் அவளைத் தேற்றினாய். நல்ல கருவிதான். 1991-ல் வந்தது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. சுமார் 750 அடியிலும் நீ வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அது ரிசர்வை, அந்த மாற்று பாராசூட்டை, தானே திறந்துவிடும். ஆனால் திறந்த கேனப்பியில் 100 அடியில் நீ தப்பாகத் திரும்பினால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. பழுதான கேனப்பியை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் மூன்று வளையப் பூட்டைக் கண்டுபிடித்த பில் பூத் இதைப் பற்றி ஒரு விதியே சொல்லியிருக்கிறார். கருவி எவ்வளவு பத்திரமாக ஆகிறதோ, அவ்வளவுக்கு ஆட்கள் கூடுதல் ஆபத்தில் இறங்கிக் கணக்கைச் சரி செய்துவிடுவார்கள் என்பார். நல்ல வேளையாக அவர் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவில் சராசரியாக ஆண்டுக்கு 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். 2023-ல் 36 லட்சம் குதிப்புக்கு மேல் நடந்தும் இறந்தவர்கள் 10 பேர். கருவி மட்டும் இதைச் செய்யவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் அதைக் கேட்டவர்களும் சேர்ந்து செய்தது.

அதனால் நீ கேட்க வேண்டியவர்களைக் கேள். விற்கிறவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்கிறவரிடம் யோசனை கேட்கக் கூடாது. உன்னை ஆரம்பத்திலிருந்து இறங்கும்போது பார்த்துக்கொண்டிருக்கிற பயிற்சியாளர் யார்? நீ இறங்கியதும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து "ஃப்ளேர் சீக்கிரம் செய்துவிட்டாய்" என்று சொல்கிற ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, ஆயிரக்கணக்கில் குதித்தவர் என்று. அவரிடம் கேள். அப்படி நடந்து வந்து சொல்கிறவர்களை விட்டுவிடாதே. பட்டாளத்தில் எங்களுக்கு அது கட்டாயம், பயிற்சியாளர் கத்துவார், கேட்டே ஆக வேண்டும். உன் இடத்தில் யாருக்கும் உன்னைத் திருத்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அக்கறை இருக்கிறவர்கள்தான் வந்து சொல்வார்கள்.

உன் கூட்டத்தை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறும் முன் ஒருவர் மற்றவரின் முதுகுப் பக்கம் பாராசூட் பையை மூடி வைத்திருக்கும் ஊசியைச் சரிபார்ப்பது, முதன்முறை எதைச் செய்தாலும் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுப்பது, அதையும் கடைசி விமானம் தரையிறங்கும் வரை யாரும் தொடாதது, எல்லாமே நல்ல பழக்கம். டாக்டரும் லாரி ஓட்டுகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாராசூட் மடிக்கிறார்கள் என்றாய். எங்கள் பட்டாளத்திலும் கதவுக்குப் பக்கத்தில் வந்தபின் கர்னலும் சிப்பாயும் ஒன்றுதான். 2002 டிசம்பரில் உங்கள் அரிசோனாவின் இலாய் ஊருக்கு மேலேதான் 300 பேர் கைகோத்து சாதனை செய்திருக்கிறார்கள். 2006-ல் தாய்லாந்தில் 400 பேர். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு வேகமாக உள்ளே நுழைந்தால் மொத்த வடிவமும் கலைந்துவிடும். பெரிய ஆட்கள் அங்கே பொறுமையால்தான் பெரிய ஆட்கள் ஆகியிருக்கிறார்கள்.

13,000 அடியிலிருந்து ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லாமல் விழுவதைப் பற்றி நீ சொல்லும்போது உன் குரலே மாறிவிடுகிறது. எனக்கு அந்த நிமிடம் கிடைக்கவில்லை. கதவைத் தாண்டியதுமே குடை பிடித்து இழுத்துவிடும். நீ சொல்லக் கேட்டுத்தான் அது எனக்குத் தெரிந்தது. அதை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் செய். உன் பெரியம்மா "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. அம்மாவே ரேச்சல் தாமஸ் பெயரைச் சொல்லிவிட்டாள், 2002-ல் வட துருவத்தில் குதித்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர் என்று. எங்கே படித்தாளோ தெரியவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. 190-லேயே இரு. அதில் இறங்கும்போது காற்றுக்கு எதிராக, குறுக்கே, அடங்கிய காற்றில், எல்லா நிலையிலும் நின்று இறங்கப் பழகு. அப்புறம் 170. கேனப்பி ஓட்டுவதற்கென்றே தனியாக வகுப்பு நடத்துவார்கள், அதில் சேர். இரண்டு டாகிளையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு சாயாமல் திரும்புவதை உயரத்திலேயே பழகிக்கொள், தாழ்வாக இருக்கும்போது அதுதான் உதவும். 300 அடிக்குக் கீழே வந்துவிட்டால் மூன்றுதான்: இறக்கை சாயாமல் நேராக இருக்கட்டும், முன்னால் தடை இல்லாமல் பார்த்துக்கொள், இரண்டு கையாலும் ஃப்ளேர் செய்து கால் இரண்டையும் ஒட்டி உருண்டுவிடு. காற்று பின்னாலிருந்து வந்தாலும் பரவாயில்லை, திரும்பாதே. அந்த மாதிரி நேரத்தில் நின்றபடி இறங்கி அழகு காட்ட வேண்டாம். புழுதியில் உருண்டு எழுந்தவர்களை நான் ஆம்புலன்ஸில் ஏற்றியதில்லை.

அரிசோனா கோடையில் மதிய நேரம் வேண்டாம். சூட்டில் காற்று மெலிந்து, தெரிந்த கேனப்பியே வேகமாக வரும். அந்தப் பாலைவனத்தில் எழும்புகிற புழுதிச் சுழல்காற்று இறக்கையைச் சுருட்டிவிடும். காலை முதல் விமானத்தில் போய்விடு. காற்று ஏறினால் இறங்கி உட்கார். காசு கட்டிவிட்டோமே என்று நினைக்காதே.

வாடகை கட்டிக் கட்டியே பணம் போகிறது என்பதுதான் உன் கவலை என்றால், 170-ல் நல்ல பழைய கேனப்பி ஒன்றைத் தேடு. வாங்கும் முன் பாராசூட்டைப் பழுது பார்க்கிற உங்கள் ரிக்கரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள். மலிவாகக் கிடைத்த 135-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று எனக்கு எழுது, நான் அனுப்புகிறேன். மறுக்காதே.

டிசம்பரில் அம்மா வரும்போது உன் டிராப் ஜோனுக்கு வந்தே தீருவாளாம். அவளுக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அந்த ஆயிரக்கணக்கில் குதித்த அம்மா 135-ஐப் பற்றி என்ன சொன்னார் என்று முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா