45 வயதில் வேலையை விட நினைக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாற்பத்தைந்தில் வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கே வந்துவிடப் போகிறேன் என்று நீ சொன்னதை அம்மா பகிடியாக எடுத்துக்கொண்டார். நான் அப்படி எடுக்கவில்லை. நீ அனுப்பிய கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். மாதச் செலவு ஒன்றரை இலட்சம், வருடத்துக்கு 18 இலட்சம், அதை 25ஆல் பெருக்கினால் நாலரைக் கோடி. பெருக்கலில் பிழை இல்லை. அந்த 25தான் எனக்கு இடிக்கிறது.

அது அமெரிக்கக் கணக்கு. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் போட்டது. சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் அளவில், அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கை எடுத்து, பிறகு விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையையும் கூட்டிக்கொண்டு போனால் 30 வருடம் தாங்கும் என்று, அந்த நாட்டுப் பங்குகளும் கடன் பத்திரங்களும் கொடுத்த வருமானத்தை வைத்துச் சொன்னார். உன் காசு கொழும்பு வங்கியில் ரூபாயாகக் கிடக்கிறது. வயதும் 45. அம்மம்மா தொண்ணூறு தாண்டி இருந்தவர் என்பதை மறந்துவிடாதே.

இங்கத்தைய கணக்கு இப்படி. ஒரு கோடியை 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டால் வருடம் 8 இலட்சம். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், ஆக 7 இலட்சத்து 20 ஆயிரம். மத்திய வங்கி இலக்காக வைத்திருக்கும் பணவீக்கம் 5 சதவீதம். முதலின் பெறுமதி குறையாமல் இருக்க 5 இலட்சத்தைத் திரும்ப அதிலேயே போட வேண்டும். உனக்குச் செலவழிக்க மிஞ்சுவது 2 இலட்சத்து 20 ஆயிரம், மாதம் 20 ஆயிரத்துக்கும் குறைவு. முதலையும் சேர்த்துக் கரைத்துச் சாப்பிட்டால் உன் நாலரைக் கோடி எண்பது வயதை ஒட்டித் தீரும். அதுவும் எல்லா வருடமும் ஒழுங்காக நடந்தால்.

ஒழுங்காக நடக்காத வருடத்தை நீயும் பார்த்தாய். 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்த்து, 55 வயதில் நான் எடுத்த சேமலாப நிதிக் காசு வைப்பில்தான் இருந்தது. அதில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் அதைக் கொண்டு வாங்கக்கூடிய சாமான் பாதிக்குக் கிட்ட ஆகிவிட்டது. அம்மாவின் ஆசிரியர் ஓய்வூதியம் மாதாமாதம் வந்ததால் சமாளித்தோம். தனியார் வேலை செய்யும் உனக்கு அது கிடையாது. அந்த வருடக் கடைசியில், அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்குக் கிட்ட வட்டி கிடைத்தது. அதுவே நிரந்தரம் என்று நினைத்துச் செலவைக் கூட்டியவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். 2025இல் அது 8 சதவீதத்தைச் சுற்றி வந்து நின்றது.

அப்புறம், ஊழியர் சேமலாப நிதி. உன் சம்பளக் கணக்கில் நீ 8 சதவீதம் போடுகிறாய், கொம்பனி 12 சதவீதம் போடுகிறது. அதை நாலரைக் கோடிக்குள் சேர்த்து எண்ணியிருக்கிறாய். பெண்களுக்கு அது 50 வயதில்தான் கைக்கு வரும். அதுவரை வட்டி சேரும், ஆனால் எடுத்து அரிசி வாங்க முடியாது. ஆகவே 45இலிருந்து 50 வரை, ஐந்து வருடத்துக்கு 90 இலட்சம், இன்றைய விலையில், தனியாக வேண்டும். நான் உன் இடத்தில் இருந்தால் முதலில் இந்த 90 இலட்சத்தைத்தான் பிரித்து வைப்பேன். கலியாணத்தைக் காட்டி நிதியை முன்கூட்டியே எடுக்கலாம் என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். சட்டம் இடம் கொடுக்கிறது, நீ கொடுக்காதே.

பணிக்கொடையையும் எழுதியிருக்கிறாய். கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும். ஆனால் ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குத்தான் அது. நீ மூன்று வருடத்துக்கு ஒருதரம் கொம்பனி மாறுகிறாய் மகள். இதுவரை உன் பணிக்கொடை பூச்சியம்.

கூடுதல் வட்டி தரும் நிதி நிறுவனங்கள் பற்றியும் கேட்டிருந்தாய். ஒரு நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதி கொடுப்பது ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி விழுந்ததில் காசு விட்டவர் இருக்கிறார். அரை சதவீதத்துக்காக அந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

இங்கே கடற்கரைப் பக்கம் உள்ள உப்புவெளிக் காணியில் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கணக்கில் மட்டும் பன்னிரண்டு மாத வாடகை போட்டிருக்கிறாய். இங்கே ஆட்கள் வருவது சித்திரையிலிருந்து புரட்டாசி வரை. ஐப்பசியில் வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் நிலாவெளி வரைக்கும் வெறிச்சோடிவிடும். 2019 குண்டு வெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை என்று சீசனே இல்லாத வருடங்களும் வந்தன. ஆறு மாத வாடகையைப் போடு, பத்து வருடத்தில் மூன்று வருடத்தை வெறுமையாக விடு. உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று உனக்குத் தெரியும், திருத்த வேலைக்கும் ஒரு தொகை எழுது. அப்படிப் பார்த்தாலும் அந்த வாடகை பெரிய உதவி. விலைவாசி ஏறினால் வாடகையையும் ஏற்றலாம், வைப்பு வட்டியை உன்னால் ஏற்ற முடியாது.

உனக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. வீட்டு வாடகை இல்லை, கிணறு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். பெரிய வருத்தம் என்றால் மட்டக்களப்போ கொழும்போ போக வேண்டிவரும், அந்தச் செலவு வேறு. ஒன்றரை இலட்சம் என்பது கொழும்புச் செலவா, இங்கே வந்தபின் ஆகும் செலவா? நீ தனி ஆளாகப் போட்ட கணக்கா? இரண்டையும் நீ எழுதவில்லை, கலியாணப் பேச்சை நானும் இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை.

வேலையை விடாதே என்று சொல்ல வரவில்லை. 45இல் முழுவதும் விடுவதற்குப் பதிலாக, பாதி நேர வேலையோ வீட்டிலிருந்து செய்யும் வேலையோ பார்த்து மாதம் 80 ஆயிரம் உழைத்தாலும், அந்த 90 இலட்சத்தில் 48 இலட்சம் குறைந்துவிடும். இதைக் கொம்பனியில் இப்போதே கேட்டு வை. அடுத்த முறை வரும்போது சேமலாப நிதிக் கணக்கு அறிக்கையையும் சம்பளத் துண்டுகளையும் கொண்டு வா. கொடுப்பனவுகளை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் நிதி கட்டுகிறார்களா என்று இருவருமாகப் பார்ப்போம்.

இரவு ரயிலுக்கு இடம் முன்கூட்டியே பதிந்துவிடு, லீவு நாட்களில் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா