திண்டுக்கல்லிலும் கிடைக்காத பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், வளரும் கருவில் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பற்றிய கட்டுரை படித்தேன். “ஏற்பிகள் செல்லின் மேல் பதித்த பூட்டுகள், சரியான சாவி வந்தால் திறக்கும், அவ்வளவுதான்” என்று அதில் ஒரு வரி. (ஏற்பி என்றால் வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் புரதம்.) அந்த ‘அவ்வளவுதான்’ இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

1993-இல் நான் ஆய்வு மாணவி. ரவை, வெல்லம், அகார் போட்டுக் காய்ச்சிப் பழ ஈக்களுக்குச் சாப்பாடு வைப்பது என் வேலை. அவற்றில் ‘ஷிபிரே’ என்று ஒரு ரகம். 29 டிகிரி சூடு ஏறினாலே சுருண்டு விழும். ஒரு மே மாத மதியம் மின்சாரம் போய் ஏ.சி. நின்றது. பாட்டிலின் அடியில் ஈக்கள் எள்ளைக் கொட்டியதுபோலக் கிடந்தன. ஈக்களை மயக்க வைத்திருக்கும் ஈதரை அதிகம் ஊற்றிக் கொன்றுவிட்டாய் என்று வழிகாட்டிப் பேராசிரியர் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. மின்சாரம் வந்து அறை குளிர்ந்ததும் ஒவ்வொன்றாகக் காலை உதறிக்கொண்டு எழுந்தன. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அது வேறு கதை.

அந்தச் சூட்டில் கூட்டுப்புழுவாக இருந்தவை பிறகு ஈயாக வெளிவந்தபோது, லென்சின் கீழே பார்த்தேன். சிலவற்றின் முதுகில் மயிர் கொத்தாக இருந்தது. சிலவற்றில் சொட்டை விழுந்திருந்தது. காரணம், தாங்கள் அறியாததல்ல. செல் தன் மேலுறையைக் குழித்துப் பையாக உள்ளே இழுக்கும்போது, அந்தப் பையின் கழுத்தை அறுத்துவிடுவது டைனமின் என்ற புரதம். ஷிபிரே ஈயில் பழுது அதில்தான் என்பது 1991-இல் தெரிந்துவிட்டது. இழுப்பு நின்றால் ‘நான் நரம்பாகிறேன், நீ ஆகாதே’ என்று செல் தன் பக்கத்துச் செல்லுக்குச் சொல்லும் சேதி போய்ச் சேராது. அந்தச் சேதியைச் சொல்லும் டெல்டா என்ற புரதத்தைத் தாங்கிய செல், எதிர்ச்செல்லின் நாட்ச் என்ற ஏற்பியைப் பற்றியபடியே டெல்டாவை உள்ளே இழுக்க வேண்டும். அந்த இழுவிசையில்தான் நாட்ச் வெட்டுப்பட்டு, சேதி உள்ளே போகிறது. சாவி போட்டவனே கதவையும் பிடித்து இழுக்கவேண்டிய பூட்டு திண்டுக்கல்லில்கூடக் கிடையாது, ஐயா.

மயிரின் கதை இன்னும் நுட்பமானது. மயிரையும் அதன் அடியிலுள்ள நரம்பையும் தரும் தாய்ச்செல் ஒன்று இரண்டாகும்போது ‘நம்’ என்ற புரதம் ஒரு மகளுக்கு மட்டும் போகிறது. (நம்முடைய ‘நம்’ அல்ல; ஆங்கிலத்தில் மரத்துப்போனது என்று பொருள். ஷிபிரே என்றால் ஜப்பானிய மொழியில் அதே பொருள்தான்.) அதைப் பெற்றவள் உள்ளிழுக்கும் எந்திரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாட்ச்சை அடக்கிவிடுகிறாள். நரம்பு அவள் வழியில் பிறக்கிறது. மயிரும் அது நிற்கும் குழியும் மற்றவள் வழியில். சேதி இருவருக்கும் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒருத்தி காதைப் பொத்திக்கொள்கிறாள்.

ஈயின் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் குடலிலும் ஆர்என்எஃப்43 என்ற புரதம் ‘பெருகு’ என்னும் சேதியை வாங்கும் ஃப்ரிஸில்டு என்ற ஏற்பிகளைச் செல்லின் மேலிருந்து அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கிறது. அது கெட்டால் ஏற்பிகள் குவிந்து, அந்தச் சேதி அளவுக்கு மீறி ஒலிக்கிறது. குடல், கணையப் புற்றுநோய்களில் இந்தப் பழுது காணப்படுகிறது. பதித்த பூட்டாம்!

சொல்லத் தொடங்கிவிட்டேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரையில் ஓரிடத்தில் ‘ஏற்பி’, ஓரிடத்தில் ‘வாங்கி’, ஓரிடத்தில் ‘ரிசப்டர்’. மூன்றும் வேறு வேறு என்று நினைத்து என் பேத்தி மூன்று பெயரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். முன்பு நான் எழுதிய கடிதத்தைச் சுருக்கியபோது ‘இல்லை’ என்ற சொல்லை மட்டும் கவனமாக நீக்கி, நான் மறுத்ததை நானே சொன்னதாக அச்சிட்டீர்கள். பழைய மாணவர்கள் போனில் விசாரித்தார்கள். அறிவியல் பக்கம் முழுப் பக்கத்திலிருந்து அரைப் பக்கமாகிவிட்டது; ராசிபலன் மட்டும் ஒரு வரிகூடக் குறையவில்லை. இடநெருக்கடி என்பது எனக்கும் புரிகிறது.

முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியவளின் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்பிகளைச் செல் மேலே அனுப்பும், உள்ளே இழுக்கும், சிலவற்றை அழிக்கும் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பழ ஈ என்று போட்டிருந்த படத்தில் இருப்பது வீட்டு ஈ. மூன்றாவது தடவை. பழ ஈ மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கண் சிவப்பாக இருக்கும். வாழைப்பழத்தோலை ஒரு நாள் அலுவலகத்தில் திறந்து வைத்தால் படமெடுக்க அதுவே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை