பிறந்தநாளுக்கு விடுதிக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். பிள்ளையின் பிறந்தநாளுக்கோ, கல்யாண நாளுக்கோ, அப்பாவின் திதிக்கோ ஏதாவது ஓர் ஆசிரம விடுதியில் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறவர்கள் நீங்கள். அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவன் நான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும்வரை கோவைப் பக்கம் ஒரு விடுதியில் இருந்தேன். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வயிறு காயாமல் படித்தது உங்களைப் போன்றவர்களால்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் குறையவில்லை. குறையாததால்தான் இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருவர் எங்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தார். நல்ல மனுஷன். கேசரி, வடையோடு இலைச் சாப்பாடு போட்டார். அப்புறம் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். நோட்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். போட்டோக்காரர், "தம்பி, கையை இன்னும் கொஞ்சம் தூக்கு, அவரைப் பார்த்துச் சிரி" என்றார். சிரித்தேன். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது: 'ஆதரவற்ற மாணவர்களுக்கு உதவி'.

என் அம்மா அப்போது நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்தபிறகு, இரவு ஷிப்டுக்குப் போகும்போது என்னைத் தனியாக விட முடியாமல் விடுதியில் சேர்த்தவர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு வருவார். அந்தப் பேப்பரை மில் பக்கத்து டீக்கடையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வந்தபோது வாளியைத் திறக்கவே இல்லை. "நான் உசுரோட இருக்கயிலயே எம் பையனை ஆதரவத்தவன்னு போட்டுட்டாங்களே கண்ணு" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

நோட்டுக் கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்த வரியை எழுதியவர் அவரில்லை. ஆனால் படம் எடுக்க வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வரிக்கு வேலையே இருந்திருக்காது.

எங்கள் விடுதி ராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்ததில்லை. நடத்தியவர்கள் அந்த வழியில் ஈடுபாடு உள்ளவர்கள். கூடத்தில் ராமகிருஷ்ணர், அன்னை சாரதாதேவி, விவேகானந்தர் படங்கள் இருக்கும். மாலைப் பிரார்த்தனைக்குப் பிறகு சாமியார் ஒருவர் கதை சொல்வார். அதில் ஒன்றை இன்றுவரை மறக்கவில்லை.

1884-ஆம் ஆண்டு, கல்கத்தா பக்கத்தில் ராமகிருஷ்ணர் இருந்த தட்சிணேசுவரம் காளி கோயில். உயிர்களிடம் தயை காட்ட வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ராமகிருஷ்ணர் நடுவில் நின்றுவிட்டாராம். தயையா? தயை காட்ட நீ யார்? ஜீவனைச் சிவனாக எண்ணிச் சேவை செய் என்று சொன்னாராம். கேட்டவர்கள் பலர். அதன் பொருளைப் பிடித்துக்கொண்டவர் நரேந்திரன் என்ற இளைஞர். பின்னாளில் விவேகானந்தராக, 1897 மே 1 அன்று கல்கத்தா பாக்பஜாரில் பலராம் போஸ் வீட்டில் அவர் மிஷனைத் தொடங்கினார். மறுவருடம் கல்கத்தாவில் பிளேக் வந்தபோது, பணம் போதாவிட்டால் பேலூரில் மடத்துக்கு வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார். ஓர் இடம் கிடைக்க எவ்வளவு அலைந்திருப்பார்கள்! வாங்கிய கையோடு அதை விற்கத் துணிந்த அந்த மனதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நம்ம ஊருக்கு அந்த வழி வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1897-இலேயே ராமகிருஷ்ணரின் சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்தார். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற பழைய ஐஸ் ஹவுஸில்தான் தங்கினார். கோவையில் பிளேக் நோய் குடும்பங்களைத் தின்ற காலம் அது. பெரியவர்கள் போய்ப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களைப் பார்த்து அவர் மனம் பொறுக்காமல்தான் 1905 பிப்ரவரியில் மயிலாப்பூரில் மாணவர் இல்லம் தொடங்கியது. ஏழு பையன்கள். அதைத் தோளில் சுமந்தவர்கள் உறவினர்களான சி. ராமசாமி ஐயங்காரும் சி. ராமானுஜாசாரியும். இதில் ராமானுஜாசாரி இல்லத்துக்குப் பணம் சேர்க்க நாடகம் போட்டவர். காசு வேண்டும் என்றால் மேடையேறத் தயங்காத மனிதர். அந்த இல்லம் நூறு வருடம் தாண்டியும் நடக்கிறது.

எங்கள் பக்கம் அவிநாசிலிங்கம் செட்டியார் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்தியாலயம் இருக்கிறது. 1934-இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. பின்னாளில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகித் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வழி செய்த அதே அவிநாசிலிங்கம்தான். அந்தக் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் இந்த வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து எவ்வளவு பெரிய காரியம் கிளம்பியிருக்கிறது என்று என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

சரி, பழைய கதை போதும். தயை வேறு, சேவை வேறு என்பதை எனக்குக் கண்ணில் காட்டியவர் ஒரு தாத்தா. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் சைக்கிளில் வருவார். கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்து எங்கள் கணக்கு நோட்டை வாங்கிப் பார்ப்பார். தப்பாகப் போட்டிருந்தால், "எங்க சறுக்குச்சு சாமி, சொல்லு பார்க்கலாம்" என்பார். கொங்குப் பக்கம் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளைச் செல்லமாகச் 'சாமி' என்று கூப்பிடுவது வழக்கம்தான். இருந்தாலும் தட்சிணேசுவரத்துக் கதையைக் கேட்ட அன்றைக்கு அவர் குரல்தான் எனக்குக் காதில் விழுந்தது. மதியம் பந்தியில் எங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அதே சோறு, அதே தண்ணி சாம்பாரைச் சாப்பிடுவார். தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். எனக்கு வகுத்தல் வந்தது அவரால். நான் வாத்தியார் ஆனதும் அவரால்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். பந்தி பரிமாறிவிட்டு ஓரமாக நிற்காதீர்கள். உட்கார்ந்து கூடச் சாப்பிடுங்கள். உங்கள் குழந்தையையும் அந்தப் பையன்கள் நடுவே உட்கார வையுங்கள். செல்போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். படம் இல்லாவிட்டால் வரிவிலக்கு ரசீது கிடைக்காமல் போகாது. கேக் வெட்டும்போது பாட்டுப் பாடச் சொல்லி அவர்களை நிறுத்த வேண்டாம். "அப்பா என்ன பண்றார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்து நிற்பவன் பத்தில் ஐந்து பேராவது இருப்பான். என்ன பாடம் பிடிக்கும், கபடியில் ரைடு போவாயா என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

இன்னொன்று. தீபாவளி, பொங்கல் சமயத்தில் எங்கள் விடுதியில் ஒரே நாளில் மூன்று பேர் இனிப்போடு வருவார்கள். பாதி மீந்து போகும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஜாமெட்ரி பாக்ஸ் இருக்காது, சிலருக்குச் செருப்பு இருக்காது. சோப்பு, தேங்காய் எண்ணெய், கரண்ட் பில், லீவுக்கு ஊருக்குப் போக பஸ் காசு, பன்னிரண்டாவது முடித்தவனுக்குக் கல்லூரியில் கட்ட முதல் தவணை. இவற்றுக்கெல்லாம் யாருடைய பிறந்தநாளும் வருவதில்லை. என்னோடு படித்த கெட்டிக்காரன் ஒருவன், அந்த முதல் தவணைக்கு வழியில்லாமல் ஒரு வருடம் பனியன் கம்பெனிக்குப் போனான். படிப்புக்குத் திரும்பி வரவே இல்லை.

அடுத்த தடவை விடுதிக்குப் போன் செய்யும்போது எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேட்பதோடு, எந்த மாதம் சிரமமாக இருக்கிறது என்றும் கேளுங்கள். போன் எடுப்பவர் கொஞ்சம் தயங்குவார். வைத்துவிடாமல் காத்திருந்து கேளுங்கள்.

அன்புடன்,
விடுதியில் வளர்ந்த ஒரு கணக்கு வாத்தியார்