ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மணி நேரம் குடுங்க: தமிழ் சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் சேட்டிலைட் சேனல் நடத்துற பெரியவங்க எல்லாருக்கும் கடலூர் முதுநகர்ல இருந்து வணக்கம்.

2025 டிசம்பர் 14 காலைல, அமெரிக்கால அப்ப சனிக்கிழமை ராத்திரி, வாஷிங்டன்ல ஜான் சீனாவோட கடைசி மேட்ச், அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி டபிள்யூடபிள்யூஈயோட பெரிய நட்சத்திரம் அவரு. விட்டுக்குடுக்கவே மாட்டேன்னு இருபது வருஷத்துக்கு மேல சொல்லிட்டுத் திரிஞ்ச மனுஷன், எதிராளி குந்தரோட பிடில மாட்டி, சிரிச்சுக்கிட்டே கையால தட்டித் தோல்விய ஒத்துக்கிட்டுப் போனாரு. அந்த நேரத்துல உங்க சேனல ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தேன். ஒண்ணுல ராசிக்கல், ஒண்ணுல மூட்டுவலி எண்ணெய், இன்னொண்ணுல அதே ராசிக்கல் வேற ஜோசியரோட.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. 2025 ஏப்ரல்லயே இந்தியால டபிள்யூடபிள்யூஈ மொத்தமா நெட்ஃபிளிக்ஸ் பக்கம் போயிடுச்சு. ஸ்மார்ட் டிவி, வைஃபை இருக்கறவங்களுக்கு ஒண்ணும் குறையில்ல. நான் பேசறது எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களப் பத்தி. ஹார்பர் பக்கம் வலை பின்றவரு. அவருக்கு இன்னும் அது டபிள்யூடபிள்யூஎஃப்தான், 2002ல பேர் மாறினதெல்லாம் அவர் கணக்குலயே வரல. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்ல, ஏன்னா நல்ல மல்யுத்தக்காரன் வலிய உடம்புலயே சொல்லிடுவான், முதல் அஞ்சு நிமிஷத்துல முட்டில அடி வாங்கினவன் கடைசி வரைக்கும் அந்தக் கால நொண்டிக்கிட்டேதான் ஓடுவான், சித்தப்பா அதத்தான் பாப்பாரு, நொண்ட மறந்தான்னா "இவன் தேற மாட்டான்"னு எழுந்து போயிடுவாரு. இப்ப அவர் பாக்கணும்னா என் போன்ல பாக்கணும். ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆயிருக்கு. செல்போன மூக்குக்கிட்ட வச்சிக்கிட்டு, யாரு யாரத் தூக்கிப் போடறாங்கன்னு என்னையே கேக்கறாரு. வாராவாரம் வர்ற ரா ஷோ நம்ம ஊரு நேரத்துக்கு செவ்வாய்க்கிழமை விடிகாலைல வருது, அப்ப அவர் ஏலம் நடக்கற இடத்துல இருப்பாரு, நானும் வேலைக்குப் போகணும், ராத்திரி நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள டேட்டா தீந்திருக்கும். முன்னாடி சலூன்லயோ டீக்கடைலயோ நாலு பேரோட கத்திக்கிட்டே பாத்தவரு சார்.

அதனாலதான் கேக்கறோம், ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம், அந்த வாரத்து ஹைலைட்ஸ், தமிழ் கமெண்ட்ரியோட, சாதா கேபிள்ல. அவ்ளோதான்.

ரைட்ஸ் எங்ககிட்ட இல்லயேம்பீங்க. ஒரு மணி நேர ஹைலைட்ஸுக்குப் பேசிப் பாத்தீங்களா? ஷூட்டிங்கே முடியாத படத்துக்குப் பேரம் பேசி வாங்கி வைக்கத் தெரியுதுல்ல. அப்படி வாங்கின படத்தையாவது ஒழுங்கா போடறீங்களா, ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா விளம்பரத்தோட சேத்து விளக்கு வைக்கிற நேரத்துக்குதான் கிளைமேக்ஸ் வருது, அதுலயும் சண்டை பாதில கட்டு.

அது எல்லாம் பொய் சண்டைன்னு சொல்லிடாதீங்க. ரிசல்ட்ட முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும், அந்தக் கம்பெனியே 1989ல நியூ ஜெர்சில இது பொழுதுபோக்குதான்னு ஒத்துக்கிட்டது. ஆனா 1998ல கூண்டு மேல இருந்து அண்டர்டேக்கர் தூக்கிப் போட்டப்ப மிக் ஃபோலி பதினாறு அடி கீழ டேபிள் மேல விழுந்தாரே, அதுக்கு எந்த ஸ்கிரிப்ட் மெத்தை போட்டுச்சு? உங்க சீரியல்ல ஒரு அறை விழுந்தா கலர்ல ஒரு தடவ, கருப்பு வெள்ளைல ஒரு தடவ, நாலு பேர் மூஞ்சில ஜூம் போய்ட்டு மறுபடி ஒரு தடவ, அடுத்த நாள் ரீகேப்ல இன்னொரு தடவ. கன்னத்துல கை பட்ட மாதிரியே தெரியாது. அதையும் நாங்க உக்காந்து பாக்கத்தான் செய்யறோம், குறை சொல்லல. சொல்லப்போனா ரெண்டும் ஒரே தொழில்தான், நல்லவன், கெட்டவன், நடுவுல துரோகம், செத்தவன் திரும்பி வர்றது. ஒரே வித்தியாசம், அங்க கதைய எங்கயாச்சும் முடிக்கிறாங்க. 1316 நாள் சாம்பியன் பெல்ட்ட விடாம வச்சிருந்த ரோமன் ரெய்ன்ஸே 2024 ஏப்ரல்ல ரெஸ்ஸில்மேனியாங்கற பெரிய ஷோல கோடி ரோட்ஸ்கிட்ட விட்டுட்டாரு. உங்க மாமியாருங்க இன்னும் சாவிக்கொத்த மருமககிட்ட விடல. இப்ப ஞாயித்துக்கிழமையும் விடாம மகாசங்கமம்னு ரெண்டு குடும்பத்து அழுகைய ஒண்ணா சேத்து ஓட்டறீங்க.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். சீரியல எடுங்கன்னு சொல்லல, எங்கம்மா என்னை வீட்ட விட்டு எடுத்துடுவாங்க.

2023 செப்டம்பர்ல ஹைதராபாத் வரைக்கும் வந்து சீனாவே ரிங்ல இறங்கினாரு. நம்ம ஊருக்கெல்லாம் வரச் சொல்லி உங்களக் கேக்கல. தமிழ்ல ஒரு மணி நேரம் கேக்கறோம். கடலூர்ல இருந்து பாண்டி வரைக்கும் குப்பத்துக்குக் குப்பம் இதப் பாக்க ஆள் இருக்கு சார், விளம்பரம் வேணுங்கற அளவு போட்டுக்கோங்க, வாயத் திறக்க மாட்டோம்.

நேரம் மட்டும் காலைல ஒம்பது மணின்னா புண்ணியமா போகும். பத்துக்கு மேல ஆனா சித்தப்பா கறி வாங்கக் கிளம்பிடுவாரு.

இப்படிக்கு,
முதுநகர்ல இருந்து ஒரு ரசிகன்